அந்த ஒரு கட்டம்

"அந்தக் கட்டத்த மட்டும் சும்மா விட்டுருங்க தம்பி" என்றார் அந்த அக்கா. "சும்மா விட்டா திருப்பி அனுப்பிருவாங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே, குடியுரிமை என்ற இடத்தில் 'இலங்கை' என்று எழுதிவிட்டேன். அவர் மகளுக்குக் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பம். கடைசி நாள், மணி நாலு தாண்டியாயிற்று. நடந்தது இவ்வளவுதான்.

எழுதியது தப்பு என்று சொல்ல முடியாது. 2021 வரை அகதிகள் முகாம் என்றிருந்து, பிறகு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறிய இடத்துப் பிள்ளைகளுக்கான பணம் அது. 'இந்தியர்' என்று போட்டால் கிடைக்காது. வெற்றாக விட்டால் குறை காட்டித் திரும்பும். பணமும் வந்தது. பிள்ளை படிக்கிறாள்.

ஆனால் அவர் மேசையில் வைத்திருந்த பாலிதீன் பைக்குள் வேறு கதை இருந்தது. இலங்கையின் பதுளையில் 1972-இல் பதிந்த பிறப்புச் சான்றிதழ். அதில் இனம்: இந்தியத் தமிழ். அதற்கடியில், மடிப்பு வழியே நாலாகக் கிழிந்து செலோடேப் ஒட்டிய குடும்ப அட்டை, கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்தது. அப்பா பெயர், சொந்த ஊர் முசிறித் தாலுகா, நாலாவது வரியில் 'மகள், வயது 4'. அந்த நாலு வயதுப் பிள்ளைதான் எதிரில் உட்கார்ந்திருந்தவர்.

இலங்கையின் 1948 சட்டத்தில், இந்தியாவிலிருந்து போன தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமை போனது. 1964-இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். இவர் அப்பா இந்தியப் பங்கு. கப்பலுக்குக் காத்திருக்கும்போது 1977 கலவரம். தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனார்கள். பிறகு போர் வந்து கப்பலும் நின்றது. 1990-இல் படகில் வந்து கோடியக்கரையில் இறங்கினார்கள். அப்பா கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியவர். பிள்ளை படகில் வந்ததால் அகதி. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தின் கண்ணில் 'சட்டவிரோதக் குடியேறி', அதாவது பயண ஆவணம் இல்லாமல் நுழைந்தவர். இந்திய வம்சாவளியினர் பதிவு செய்துகொள்ளும் 5-ஆம் பிரிவின் கதவு அவர்களுக்கு அடைத்தே இருக்கிறது. அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து வந்தவர்களுக்கு வழிவிட்ட 2019 திருத்தம் இலங்கையைச் சேர்க்கவில்லை.

முகாம் ஆட்களுக்குக் குடியுரிமை மனு எழுதிக் கொடுக்கும் இந்த வேலையில் முதலில் பார்க்க வேண்டியது பிறந்த தேதியும் இடமும். இந்தியாவில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியக் குடிமகன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பின் பிறந்த தம்பிக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு இன்னும் கெடுபிடி. முகாம் பதிவேட்டில் எல்லாருக்கும் ஒரே பெயர்தான், அகதி. அடுத்தது எழுத்துப் பிழை. பழனியம்மா ஒரு தாளில் பழனியம்மாள், இன்னொன்றில் பளனியம்மா. ஆளுக்கு ஒரு பிரமாணப் பத்திரம் தனித்தனியாகப் போட வேண்டும். குடும்பத்துக்கே சேர்த்து ஒன்று போட்டால், ஒரு பெயரில் வந்த சந்தேகம் எல்லாரையும் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் தெரிந்துதான் 'இலங்கை' என்று எழுதினேன்.

அந்த விண்ணப்பத்தின் நகல் இப்போது அக்காவின் குடியுரிமைக் கோப்பில் இணைப்பாக நிற்கிறது. அதனால் கெட்டுப்போனது என்று சொல்ல ஆதாரமில்லை. கட்டத்தில் எவனோ எழுதிய ஒரு சொல்லால் ஒருவருடைய குடியுரிமை பிறக்கவும் செய்யாது, சாகவும் செய்யாது. குடும்ப அட்டையும் அப்படித்தான். அதுவே குடியுரிமை ஆகிவிடாது, பின்னாலேயே பாஸ்போர்ட் வந்ததா என்று காட்ட வேண்டும். அது கிளிநொச்சி வீட்டோடு எரிந்துபோனது. முகாம்களில் இருக்கும் இந்திய வம்சாவளியினர் 65 பேர் போட்ட வழக்கில், அவர்கள் விண்ணப்பிக்கலாம், 16 வாரத்தில் முடிவெடுங்கள் என்று 2019 ஜூனில் மதுரைக் கிளை சொன்னது. அந்த வழியில்தான் இவருடைய மனுவும் போயிருக்கிறது.

சரி, வேறு என்ன எழுதியிருக்கலாம்? 'இந்திய வம்சாவளி' என்று எழுதியிருக்கலாம். கவுன்ட்டரில் திருப்பியிருப்பார்கள், அநேகமாக. 'நாடற்றவர்' என்று எழுத அவர் சம்மதித்திருக்க மாட்டார். இலங்கையே பிற்பாடு வம்சாவளியினருக்குக் குடியுரிமை தரச் சட்டம் போட்டதே, அப்படிப் பார்த்தால் 'இலங்கை' சரிதானே என்றும் தோன்றும். ராத்திரியில் தோன்றுவது இது. பகலில் பையைத் திறந்தால் 'வயது 4' என்ற வரி.

அந்தக் குடும்ப அட்டையை அன்றைக்கே அவர் என் பக்கம் தள்ளினார். "இது இப்ப வேணாம்க்கா, உள்ள வைங்க" என்றேன். மடிப்புக் கிழியாமல் நிதானமாக, ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார்.