ஆபரேஷன் நடுவே வந்த ரிசல்ட்

இடது சினைப்பையில் 14 செ.மீ. கட்டி. சினைப்பைப் புற்றில் ஏறக்கூடிய சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை அளவு 60ஐத் தாண்டியிருந்தது. 35க்குள் இருந்தால்தான் நார்மல். கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும் அது ஏறும், அதை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட முடியாது என்றார் டாக்டர். ஊசி போட்டு பயாப்ஸி எடுக்கலாமே என்று கேட்டேன். சினைப்பைக் கட்டியில் பொதுவாக அதைச் செய்ய மாட்டார்களாம். உள்ளே புற்று இருந்தால், குத்திய இடம் வழியாகக் கசிந்து வயிற்றுக்குள் பரவலாம். கட்டியை உடையாமல் முழுசாக எடுத்து, மயக்கம் தெளிவதற்குள்ளேயே சோதித்துப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷன்தான் வழி. முதலில் போன மருத்துவமனையில் அந்த வசதி இல்லாததால் இடம் மாறினோம்.

ஆபரேஷனைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது அதற்கு முந்தைய நாள் போட்ட கையெழுத்துதான். சாதாரணக் கட்டி என்றால் இடது சினைப்பை மட்டும் போகும். புற்று என்றால் கர்ப்பப்பை, இரண்டு சினைப்பைகள், குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை, தேவைப்பட்டால் நிணநீர்க் கணுக்களும். எனக்கு வயது 33, குழந்தை இல்லை.

"ரெண்டும் இல்லாம நடுவுல வந்தா என்ன டாக்டர் பண்ணுவீங்க?" என்று கேட்டது என் அக்கா. நல்லவேளை கேட்டாள். சாதாரணம், புற்று இரண்டையும் ஃப்ரோசன் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும், பார்டர்லைன் என்கிற அந்த நடு வகையில்தான் தடுமாறும். 2016இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, ஃப்ரோசனில் பார்டர்லைன் என்று வந்தவர்களில் சராசரியாக 21 சதவீதம் பேருக்கு இறுதி ரிப்போர்ட்டில் புற்று என்று மாறியிருக்கிறது. இதைக் கேட்டு என் கணவர் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பார்டர்லைன் என்றால் கர்ப்பப்பையையும் வலது சினைப்பையையும் விட்டுவிடுங்கள், பிறகு மோசமாக வந்தால் இரண்டாவது ஆபரேஷனுக்கு வருகிறேன் என்றேன். டாக்டர் அதைப் படிவத்திலேயே எழுதிக்கொண்டார்.

மற்றதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. கட்டியில் சந்தேகமான இடத்தில் துண்டு வெட்டி, மைனஸ் 20 டிகிரியை ஒட்டிய குளிரில் உறையவைத்து, மைக்ரான் கணக்கில் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். அரை மணி நேரத்தில் தியேட்டருக்கு போன் வந்திருக்கிறது: மியூசினஸ் (சளி போன்ற திரவம் சுரக்கும் வகை) பார்டர்லைன், ஆனால் புற்றே இல்லை என்று இப்போது சொல்ல முடியாது. மியூசினஸ் கட்டி பெரிதாக இருந்தால் இடத்துக்கு இடம் வேறு மாதிரி இருக்கும். அவசரத்தில் ஓரிரு துண்டுகளைத்தான் பார்க்க முடியும். இடது சினைப்பையையும் குழாயையும் எடுத்து, கொழுப்புத் திரையில் கொஞ்சம் வெட்டி, வயிற்றைக் கழுவிய நீரையும் சோதனைக்கு அனுப்பினார்கள். அப்பெண்டிக்ஸையும் பார்த்தார்களாம், நன்றாக இருந்ததால் கை வைக்கவில்லை.

கண் விழித்ததும், "கர்ப்பப்பை இருக்குடி" என்றாள் அக்கா.

திசுவை மெழுகில் பதித்து நிதானமாகப் பார்க்கும் பாராஃபின் ரிப்போர்ட்தான் இறுதி; அது வரும்வரை தூக்கம் இல்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் முடிந்துவிட்டது போலவே பேசினார்கள், அதுதான் எரிச்சல். கட்டியின் பல இடங்களிலிருந்து எடுத்துப் பார்த்தும் பார்டர்லைன்தான், சினைப்பைக்கு வெளியே பரவவில்லை என்று வந்தது. ஸ்லைடுகளையும் திசு பதித்த மெழுகு பிளாக்குகளையும் கேட்டு வாங்கி வேறொரு பேத்தாலஜிஸ்ட்டிடமும் காட்டினோம்; அவரும் அதையே சொன்னார். கீமோ வேண்டாம் என்றார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்க்கிறேன். குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று போன முறை டாக்டர் சொல்லிவிட்டார்.