விளக்குமாறும் மனுவும்

நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்றதும் எல்லோருக்கும் விளக்குமாறுதான் நினைவுக்கு வரும். கோயில் வளாகத்தைக் கூட்டுவார்கள், ஊருணிக் கரையில் சீமைக் கருவேலம் வெட்டுவார்கள், பள்ளி வாசலில் மரக்கன்று நடுவார்கள். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம் வரும். புதுக்கோட்டை மாவட்டக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்துக்கொண்டே இத்திட்டத்தின் அலுவலராகவும் சில ஆண்டுகள் இருந்தேன். அந்தப் படங்கள் பலவற்றில் ஓரமாக நானும் நிற்கிறேன்.

திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டையொட்டி 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, இடையில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது விதி. முடித்தால் சான்றிதழ். சான்றிதழுக்காகத்தான் வருகிறார்கள் என்று மாணவர்களைக் குறை சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. மாதம் பிறந்தால் சம்பளம் வந்ததா என்று பார்க்கும் நாம் அதைச் சொல்லலாமா என்று எனக்குத் தோன்றும்.

என்னிடம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அவரவர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார், அப்பா கேரளத்திலோ திருப்பூரிலோ இருப்பார். நகரத்துக் கல்லூரிக்குக் கிராமம் என்பது பார்த்துவிட்டு வரவேண்டிய இடம். எங்கள் பிள்ளைகளோ காலையில் அங்கிருந்துதான் டவுன் பஸ் பிடித்து வருகிறார்கள். ‘கிராம வாழ்வை அறிதல்’ என்று முகாம் அழைப்பிதழில் அச்சாகியிருந்ததைப் படித்து ஒரு மாணவன் சிரித்தான். அவன் ஊர் முகாம் நடந்த ஊருக்கு அடுத்த ஊர்.

முகாமில் வீடு வீடாகக் கணக்கெடுப்பும் உண்டு. எத்தனை பேர், என்ன தொழில், கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டு நிரப்பிய தாள்கள் பொதுவாக அலமாரிக்குப் போய்ச் சேரும். ஓர் ஆண்டு மட்டும் அப்படிப் போகவில்லை. அதற்கு நான் காரணமல்ல. கேள்வி கேட்கப் போன பிள்ளைகளிடம் வயதான பெண்கள் திருப்பிக் கேட்ட கேள்விதான் காரணம்: ஓஏபி பணத்துக்கு எழுதித் தருவீர்களா?

ஓஏபி என்று ஊரில் சொல்லும் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. 80 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான், மீதி மாநில அரசுடையது. ஆனால் தொகையை உயர்த்துவது ஒன்று, அது ஒரு பாட்டியின் கணக்கில் வந்து விழுவது வேறொன்று. அவரிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, பள்ளிச் சான்றிதழ் கிடையாது. ஆதாரில் இருக்கும் வயது பதிவு செய்தவர் முகத்தைப் பார்த்துப் போட்டது. அதனால்தான் அந்த ஊரில் பாதிப் பேருக்கு ஜனவரி 1-ஆம் தேதியே பிறந்த நாளாக இருந்தது. ஒரு வீட்டில் அட்டைகளை அடுக்கிப் பார்த்தபோது தாய்க்கும் மூத்த மகளுக்கும் ஒன்பது வயதுதான் வித்தியாசம். காகிதம் சொல்வதுதானே வயது? அந்தத் தாய்க்கு உதவித்தொகைக்குரிய அறுபது ஆக இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. இன்னொருவருக்கு வயது சரியாக இருந்தது, கைரேகை விழவில்லை. காலமெல்லாம் கடலை பறித்துக் களையெடுத்த விரலில் ரேகை எங்கே இருக்கும்?

நான் வட்டாட்சியர் அலுவலகம் பக்கம் அதிகம் போகாதவன். பிள்ளைகள் அப்படியில்லை. இரண்டாம் ஆண்டு வணிகவியல் மாணவி ஒருத்தி, புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்காக ஏற்கெனவே இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் பலமுறை நடந்திருந்தாள். ஆதாருடன் இணைந்த கணக்கு எது, நெடுநாள் பயன்படுத்தாததால் முடங்கிய கணக்கை எப்படி உயிர்ப்பிப்பது, எந்தத் திருத்தத்துக்கு எந்தச் சான்று செல்லும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. முகாமின் மூன்றாம் நாள் முதல் பள்ளித் திண்ணையில் அவள்தான் அலுவலகம் நடத்தினாள். நான் நகலெடுக்கும் கடைக்குப் போய்வந்தேன். பழைய விண்ணப்ப எண்ணும் தேதியும் இல்லாத மனு எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். மனுவைக் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வருபவர்களுக்கு, அப்பத்தா வயதாக இருந்தாலும், திட்டு விழும்.

முகாம் முடிந்த பின் ஒரு திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குச் சிலரை அழைத்துப் போனோம். ஆட்சியர் அலுவலக வாசலில் போலீசார் பைகளைத் திறந்து பார்த்தார்கள், தண்ணீர்ப் பாட்டிலை முகர்ந்துகூடப் பார்த்தார்கள். ஏன் சார் என்று ஒருவன் கேட்டான். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் தீக்குளித்ததைச் சொன்னேன். அந்தக் குடும்பமும் கையில் மனுவோடு அதே வாசலுக்குத் திரும்பத் திரும்ப வந்ததுதான் என்பதையும் சொன்னேன். சமூகநீதி பற்றி நான் வகுப்பறையில் எடுத்த பாடங்களை அவர்கள் மறந்திருக்கக்கூடும், இதை மறக்கமாட்டார்கள்.

இதற்கெல்லாம் ஊரில் எதிர்ப்பு இல்லை. சிக்கல் காலனிக்குள் போனபோதுதான் வந்தது. சுத்தம் செய்ய வேண்டிய இடங்கள் என்று ஊர்க்காரர்கள் தந்த பட்டியலில் காலனித் தெரு இல்லவே இல்லை. அங்கே குடிநீர்க் குழாய் தெருமுனையோடு நின்றுவிட்டது என்பதைக் கணக்கெடுத்த பிள்ளைகள் குறித்துவந்தார்கள். இதே மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் பட்டியல் சமூகத்தினர் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதையும், ஆட்சியர் நேரில் போனபோது தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்தது தெரியவந்ததையும் அறியாத பிள்ளை எங்களிடம் இல்லை. ஆகவே குழாயைப் பற்றிய பேச்சு குழாயோடு நிற்கவில்லை. எங்கள் குழுவிலேயே காலனி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்களும், தாகமில்லை என்றவர்களும் இருந்தார்கள். யார் யாரென்று எல்லோருக்கும் தெரிந்தது. இரவுக் கூட்டத்தில் ஒரு மாணவி அதை நேரடியாகவே கேட்டுவிட்டாள். இருவர் எழுந்து வெளியே போனார்கள். அவர்களில் ஒருவன் மறுநாள் காலனிக் குழுவோடு சேர்ந்துகொண்டான், மற்றவன் முகாம் முடியும்வரை சமையல் வேலையை விட்டு நகரவில்லை.

ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, கூட்டவந்த பிள்ளைகள் கூட்டிவிட்டுப் போகட்டுமே சார், என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். விளக்குமாறு ஏன் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்பது அப்போது நன்றாக விளங்கியது. அது யாரையும் எதுவும் கேட்பதில்லை.

அக்டோபர் 2 கிராம சபைக்குக் குழாய்ப் பிரச்சினை போனது. ஊராட்சியின் மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை இருந்தால் சபையில் 100 பேர் இருக்க வேண்டும். கையெழுத்து எண்ணிக்கை எப்போதும் நிறைந்துவிடும், ஆட்கள்தான் குறைவார்கள். அன்று காலனிப் பெண்கள் மொத்தமாக வந்து உட்கார்ந்தார்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் எனக்கும் அங்கே பேச உரிமையில்லை, சாமியானாவுக்கு வெளியே நின்றோம். அந்த ஊராட்சியிலேயே வாக்குள்ள எங்கள் மாணவன் ஒருவன் எழுந்தான். எத்தனை வீடு, எவ்வளவு தூரம் என்று மட்டும் சொன்னான். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதிப் படித்துக்காட்டும்வரை உட்காரவில்லை. அடுத்த கோடைக்குள் குழாய் பாதித் தெருவரை வந்தது. மீதிப் பாதிக்கு நிதியில்லை என்றார்கள். அதற்கான கணக்கைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டிருக்கிறார்கள்.

ஆண்டறிக்கைப் படிவத்தில் மரக்கன்றுகளுக்கு ஒரு கட்டம் இருந்தது, தானமளித்த இரத்தத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. மனுக்களுக்கு இல்லை, ‘இதர பணிகள்’ என்பதில் ஒரு வரியாக எழுதி அனுப்பினேன். உதவித்தொகை சிலருக்குக் கிடைத்தது, பலருக்கு இன்னும் வயது திருத்தத்திலேயே நிற்கிறது. வணிகவியல் மாணவியின் வீட்டுத் திண்ணைக்கு இப்போது பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களாம். தேர்வு முடியும்வரை யாரும் வரவேண்டாம் என்று அவளுடைய அம்மா வாசலில் நின்று சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.