வளையத்தில் ஒரு திறப்பு

ஜூன் 4
அக்காவின் மூளை எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார்கள். மையலின், அதாவது நரம்பின் மேலுறை, அழிந்த புண்ணாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். அம்மாவிடம் "வீக்கம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

ஜூன் 5
டாக்டர் படத்தை விளக்கினார். காடோலினியம் என்ற ஸ்கேன் மருந்தை ஏற்றிய பிறகு புண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். முழுசாக இல்லை, மூளையின் மேலடுக்கான கார்டெக்ஸ் பக்கம் திறந்து லாடம் மாதிரி இருக்கிறது. வீரியமான கட்டி என்றால் வளையம் பெரும்பாலும் மூடியிருக்குமாம். 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தும் சுற்றிலும் வீக்கம் குறைவு, மூளையின் நடுக்கோடு நகரவில்லை. "அப்போ கட்டி இல்லதானே சார்?" என்றார் மாமா. "அப்படி இப்போ சொல்ல மாட்டேன்."

ஜூன் 6
போனில் அந்தத் திறப்பைப் பெரிதாக்கிப் பார்த்தபடியே விடிந்துவிட்டது.

ஜூன் 7
"ஸ்டீராய்டு ஏன் இன்னும் போடல?" என்று சித்தப்பா வராந்தாவில் சத்தம் போட்டார். லிம்ஃபோமா என்ற புற்றுநோய்க் கட்டியும் ஸ்டீராய்டுக்குச் சுருங்கும். அப்புறம் பயாப்ஸிக்குத் துணுக்கு வெட்டி எடுத்தால் எதுவும் பிடிபடாமல் போகலாம். காத்திருப்பதுதான் சரி. ஆனால் அக்காவால் வலது கையில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, அதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் காத்திருப்பது?

ஜூன் 9
பெர்ஃப்யூஷன், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன். வீரியமான கட்டி புது ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்ளும், அங்கே ரத்த அளவு கூடித் தெரியும். அக்காவுக்குக் கூடவில்லை. மூளையின் ரசாயனங்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோபியில் கோலின் ஏறி, நரம்புச் செல்லைக் காட்டும் என்.ஏ.ஏ. இறங்கியிருக்கிறது. கட்டியிலும் அப்படித்தான் வருமாம், புதுப் புண்ணிலும் அப்படித்தான். பில் மட்டும் தெளிவாக வந்தது.

ஜூன் 10
முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள். ஒரே தலைவலி.

ஜூன் 11
திறப்பு இன்று சின்னதாகத் தெரிகிறது. அதே படம்தான்.

ஜூன் 13
நீரில் புற்றுநோய்ச் செல்கள் இல்லை. ஆலிகோகுளோனல் பட்டைகள் இருக்கின்றன, மையலின் புண் பக்கம் சாயும் எதிர்ப்புப் புரத அடையாளம். சர்ஜன் பயாப்ஸி என்றார். ரேடியாலஜி டாக்டர் முதல் நாள் எங்கள் ஊரில் எடுத்த சாதாரண சி.டி.யைக் கேட்டு வாங்கினார். எம்.ஆர்.ஐ.யில் வளையம் மின்னும் அதே இடம் சி.டி.யில் கறுத்திருக்கிறது. லிம்ஃபோமா என்றால் அங்கே பெரும்பாலும் வெளுத்துத் தெரியுமாம். தூக்கிப் போட இருந்த ஃபிலிம்! பயாப்ஸி தள்ளிப்போனது. நாளை முதல் ஸ்டீராய்டு, மெத்தில்பிரெட்னிசோலோன், தினம் 1 கிராம், 5 நாள்.

ஜூன் 14
அக்கா தூங்கவில்லை. நள்ளிரவில் இட்லி கேட்டுத் திட்டினாள்.

ஜூன் 17
பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். மாமா அழுதுவிட்டார். எனக்கு அந்த லிம்ஃபோமா நினைப்புதான், அதுவும் முதலில் இப்படித்தானே அடங்கும்.

ஜூன் 18
மறு ஸ்கேன் சனிக்கிழமை காலை 7 மணிக்கு. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரிப்போர்ட் எடுத்துப் போகணும். பழைய சி.டி.யும்.