செயலியின் கணக்கில் நான் ஒரு நாளும் தவறவில்லை

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்ததும், "இனி தினம் ஒரு லெட்ரோசோல், 5 வருடம்" என்று சொல்லி அனுப்பினார்கள். புற்றுநோய் திரும்பாமலிருக்க ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரை அது. அதுவரை வாரம் தவறாமல் யாராவது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி 3 மாதம் கழித்து வந்தால் போதுமாம். நடுத்தெருவில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

மகள்தான் போனில், மாத்திரையை நினைவூட்டி உடல்நிலையைக் குறித்துவைக்கும் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். முதல் வாரம் கடுப்புதான். தூக்கம், பசி, மனநிலை என்று தினமும் 20 கேள்வி. விடாமல் 7 நாள் பதில் சொன்னதற்குப் பதக்கப் படம் வேறு! இரவு 9 மணிக்கு அது அடித்ததும், சத்தம் ஓய்ந்தால் போதும் என்று "எடுத்தாச்சு" என்பதைத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன். மாதக் கடைசியில் அட்டையில் 4 மாத்திரை மிச்சம். செயலியோ நூற்றுக்கு நூறு போட்டிருந்தது. இப்போது விழுங்கிய பிறகுதான் போனைத் தொடுகிறேன்.

அப்புறம் கேள்விகளை மூன்றாகக் குறைத்தேன்: மூட்டுவலி 0 முதல் 10 வரை எவ்வளவு, அசதி எவ்வளவு, எத்தனை நிமிடம் நடந்தேன். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருப்பதால் அந்தப் பக்கக் கை வீங்க வாய்ப்புண்டு. அதை வாரம் ஒருமுறை டேப்பால் அளந்து குறிப்பேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அளக்க வேண்டும். ஒருமுறை இடம் மாறி அளந்துவிட்டு, வராத வீக்கத்துக்கு இரவெல்லாம் விழித்திருந்தேன்.

முன்பெல்லாம் டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்றால், "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லி எழுந்து வந்துவிடுவேன். இந்த முறை போனை நீட்டினேன். காலையில் வலி 7, மதியத்துக்குள் 3. நடந்த நாளுக்கு மறுநாள் காலையில் விரல் விறைப்பு குறைவு. இதை நானே வரைபடத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். டாக்டர் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "இந்த மாத்திரையால் வரும் வலிதான். 2 வாரம் நிறுத்திப் பார்க்கலாம், பிறகு இதே வகையில் எக்ஸெமெஸ்டேன் என்ற வேறு மாத்திரைக்கு மாறலாம்" என்றார். யாருக்கும் சொல்லாமல் நானே நிறுத்திவிட இருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மாற்றிய பிறகு காலை வலி 3-ஐத் தாண்டுவதில்லை, பாட்டில் மூடியை நானே திறக்கிறேன். நடையை விடவில்லை. காய்ச்சல், புதிதாகக் கட்டி என்றால் செயலியில் பதிவதோடு நிற்காமல் நேரே மருத்துவமனைக்குத்தான் போன். மேமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) முந்தைய வாரத்துப் பயத்துக்கு மட்டும் எண் போடுவதில்லை. அதை மகளிடம் சொல்லிக்கொள்கிறேன்.