கூட்டாமல் விட்ட பலாவடி

மார்கழி பிறந்தால் மாமிக்கும் எனக்கும் ஒரு சண்டை வரும். வருசா வருசம் வருகிறதுதான். தைப்பொங்கலுக்கு முதல் வளவு முழுக்கப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது மாமியின் கட்சி. பலாவடியை மட்டும் தொட வேண்டாம் என்பது என் கட்சி.

எங்கள் வளவு கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வருகிற வாய்க்கால் ஓரம். யுத்தம் முடிந்து 2010இல் திரும்பி வந்தபோது உள்ளே நின்றவை ஒரு வேம்பும் தலை போன இரண்டு தென்னையும்தான். பலாக்கன்றை அந்த மாரிக்கே நட்டோம். இப்போது அதன் கீழே வெயில் விழுவதில்லை. பழுத்து விழுந்த இலை மழையில் ஊறி, கணுக்கால் புதைகிற அளவுக்குக் கிடக்கிறது. ஒரு தடியால் கிளறினால் மண்புழுவும் மரவட்டையும் கறையானும் நெளியும்.

அதற்குத்தான் ஆறுமணிக்குருவி வருகிறது. வட இந்தியப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, மாரிக்கு இங்கே இறங்கி, சித்திரையளவில் திரும்பிப் போகிற குருவி. இந்த முறை ஐப்பசிக் கடைசியில் ஒரு விடியப்புறம் அதன் விசில் கேட்டது. இரண்டே சுரம். பின்னேரம் ஆறு மணியளவில் திரும்பவும் அதே விசில். பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

சத்தம் கேட்கிற அளவுக்கு ஆளைக் காண முடியாது. போன கிழமை மழை விட்டிருந்த பின்னேரம், குசினி யன்னலில் தேத்தண்ணியோடு நின்றபோது கண்டேன். மைனாவை விடச் சின்னது, வால் இருக்கிறதா என்று கேட்கிற அளவுக்குக் கட்டை. முதுகு பச்சை, தோளில் நீலப் பொட்டு, கண்ணுக்குக் குறுக்கே மை இழுத்தது போலக் கறுப்பு, வாலடியில் குங்குமச் சிவப்பு. இவ்வளவு நிறமும் இருந்தும், அசையாமல் நின்றால் சருகோடு சருகாகிவிடுகிறது. இரண்டு தத்துத் தத்தும், நிற்கும், கட்டை வாலை மேலும் கீழும் ஆட்டும். சொண்டால் ஒரு பலா இலையைப் பிரட்டிப் போட்டது. அடியில் ஒன்றுமில்லை. அடுத்த இலை. அதற்குள் இருந்து ஒரு மண்புழுவை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. என் தேத்தண்ணி ஆறிவிட்டது.

"உந்தக் குப்பைக்கை புடையன் கிடக்கும் பிள்ளை. பிறகு குருவியே வந்து உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்?" என்றார் மாமி.

அவர் சொல்வதில் பிழையில்லை. மாரியில் புடையன் பாம்புப் பயம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. டோர்ச் இல்லாமல் இரவில் கிணற்றடிக்கும் போவதில்லை. சரி என்று ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். வாசலும் கிணற்றடியும் கத்தரிப் பாத்தியும் மாமிக்கு. பலாவடியைச் சுற்றித் தேங்காய்ப் பொச்சு மட்டைகளை வட்டமாக அடுக்கினார். அதற்குள்ளே மட்டும் குருவிக்கு. தண்ணீர் தேங்கிய சிரட்டைகளை எல்லாம் நான் கவிழ்த்து வைக்க வேண்டும், நுளம்பு பெருகக் கூடாது. அதற்கும் தலையாட்டினேன்.

ஒப்பந்தத்தில் மயிலை நாங்கள் யோசிக்கவில்லை. வன்னியில் தோட்டம் செய்கிறவர்களுக்கு மயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. என் மிளகாய்க் கன்றுகளில் பாதி அதன் வயிற்றில். சிங்களத்தில் ஒரு கதை இருக்கிறது: இந்தக் குருவியின் அழகான உடுப்பை மயில் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்கவே இல்லையாம், அதைச் சொல்லித்தான் குருவி கத்துகிறதாம். நான் முழுதாக நம்புகிறேன்.

நேற்றுக் காலை மூன்று பெட்டை மயில்கள் வேலிக்கு மேலால் வந்து பலாவடியில் இறங்கின. குருவி போல ஒவ்வொரு இலையாகப் பிரட்டுகிற பொறுமை அதுகளுக்கு இல்லை. இரண்டு காலாலும் வாரி வாரிப் பின்னால் எறிந்தன. பொச்சு மட்டை தாண்டி, மாமி விடியவே கூட்டி முடித்த முற்றம் முழுக்க ஊறின சருகு.

மாமி ஒன்றும் சொல்லவில்லை. விளக்குமாற்றை என் கையில் தந்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.