முன்னாடி

"அண்ணே, நாலு மில்லி முன்னாடி தள்ளவா?" என்று பட்டறைப் பையன் கேட்டான். வேறு வேலையில் குனிந்திருந்த நான் திரும்பாமலே "சரி" என்றேன். நடந்த பேச்சு அவ்வளவுதான்.

அவன் தள்ளக் கேட்டது ரௌட்டர் மேசையின் ஃபென்ஸை, அதாவது பலகையை ஒட்டித் தள்ளுவதற்கான தடுப்புச் சட்டத்தை. மேசையின் துளை வழியாக மேலே நீட்டிச் சுற்றி மரத்தை வெட்டும் முனைதான் பிட். அந்த மேசை நான் செய்தது. 18 மில்லி பிளைவுட் இரண்டை ஒட்டி மேற்பலகை, ஃபென்ஸும் அதே பிளைவுட். ஃபென்ஸின் ஒரு முனையில் ஒற்றை போல்ட், மறுமுனையில் கிளாம்ப். கதவு மாதிரி போல்ட்டைச் சுற்றித் திரும்பும். ஃபென்ஸை மேசை விளிம்புக்கு இணையாக வைக்கச் சிலர் ரொம்ப மெனக்கெடுவார்கள். வட்டமாகச் சுற்றுகிற பிட்டுக்கு இணை ஏது? ஃபென்ஸ் வளையாமல் இருந்து, மூலைமட்டம் வைத்தால் மேசைக்கு 90 டிகிரியில் நின்றால் போதும். பிட் நடுவில் இருப்பதால், கிளாம்ப் முனையை நாலு மில்லி நகர்த்தினால் பிட் அருகே ரெண்டு மில்லிதான் நகரும். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அன்று டிராயர் பக்கப்பலகைகளில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்துக்கொண்டிருந்தோம். பிட் 6 மில்லி, வேண்டிய காடி 8 மில்லி. ஒரு தடவை ஓட்டியாயிற்று, இன்னும் ரெண்டு மில்லி அகலமாக்க வேண்டும். அவன் "நாலு" என்றதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பையன் கணக்கைப் பிடித்துவிட்டானே! என் காதில் விழுந்தது அந்த நாலு மட்டும்தான்.

அல்லது முன்னாடியும் விழுந்ததோ? இதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். மேசையில் நின்று பலகை தள்ளுகிறவனுக்கு முன்னாடி என்றால் எதிர்ப்பக்கம். ஃபென்ஸ் அப்படி விலகினால் பிட் காடியின் நம் பக்கத்துச் சுவரை வெட்டும். அங்கே பல் பலகையை எதிர்த்து வருகிறது, வழக்கம்போல வலமிருந்து இடமாகத் தள்ளலாம். ஆனால் அவன் கிளாம்பைத் தளர்த்துவதற்காக ஃபென்ஸுக்குப் பின்னால் போய் நின்றிருந்தான். அவனுடைய முன்னாடி என்பது நம் பக்கம். அப்படி நகர்த்தினால் பிட் ஃபென்ஸ் பக்கத்துச் சுவரைக் கடிக்கும். அங்கே பல் ஓடுவதும் பலகை போகிற திசையில்தான். நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்குமேல் ஓடும் பிட் பலகையை இழுத்தால் கை என்ன செய்யும்?

பலகை பறந்து இடப்பக்கச் சுவரில் மோதியது. கையில் தள்ளுகட்டை இருந்ததால் விரல் தப்பியது. சுவிட்சை அணைத்துவிட்டு, "என் தப்புதாண்ணே, திசையைப் பார்க்கலை" என்றான். "பார்த்துச் செய்யணும்டா" என்றேன்.

நான் "சரி" சொன்னதை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்தச் சத்தத்தில் யாருக்குத்தான் முழுசாகக் கேட்கும்? எதிர்ப்பக்கம் என்றுதான் நானும் புரிந்துகொண்டேன் என்று சொல்லலாம். அது நிஜமா, அப்புறமாக நான் கண்டுபிடித்த காரணமா என்று எனக்கே தெரியவில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. புதிதாக வருகிறவர்கள் குழம்பக் கூடாதென்று ஃபென்ஸின் மேல் மார்க்கரில் வலமிருந்து இடமாக அம்புக்குறி போட்டிருந்தது நான்தான். அவன் அதன்படிதான் தள்ளினான். அம்பை மீறி இடமிருந்து வலமாகத் தள்ளியிருந்தால் பலகை பறந்திருக்காது. அம்பை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். பத்தில் ஒன்பது வேலைக்கு அது சரியான அம்பு. அழிக்கவில்லை.

இப்போது அவன் முன்னாடி, பின்னாடி என்று சொல்வதில்லை. ஃபென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சுவரை வைத்து "சுவர்ப் பக்கம் நாலு" என்பான், "நம்ம பக்கம் ரெண்டு" என்பான். சொல்லிவிட்டு என் சரிக்காகக் காத்திருப்பதுமில்லை.