மொரிஸ் மைனருக்கு டர்போ: மலையில் கவனிக்க வேண்டியவை

பழைய பிரிட்டிஷ் காரான மொரிஸ் மைனரில் டர்போ (புகை வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கருவி) பூட்ட நினைப்பவர்களுக்கு இது. எம்.ஜி. மெட்ரோ டர்போ காரின் 1275 சிசி எஞ்சின் குறுக்குவாட்டில் நிற்பது, கியர்பொக்ஸும் அடியிலேயே ஒட்டியிருக்கும். மைனரில் நேரே இறங்காது. எம்.ஜி. மிட்ஜெட் காரின் 1275 சிசி எஞ்சின் பிளொக்தான் வசதி.

பிஸ்டன் மோதிரத்தின் இரு முனைகளுக்கும் இடையிலான இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். 70.6 மி.மீ. சிலிண்டருக்கு மேல் மோதிரத்தின் இடைவெளி குறைந்தது 0.36 மி.மீ. இருக்கட்டும். குறைந்தால் சூட்டில் இரு முனையும் முட்டி பிஸ்டன் விளிம்பு உடையும்.

டர்போ ஒயில் திரும்பும் குழாய் எங்கும் மேலேறாமல் சம்புக்கு (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தட்டு) சரிய வேண்டும். ஒயில் இணைப்புகளில் சிலிக்கன் பூசாதீர்கள்; அதன் பிசிர் ஒயில் துவாரத்தை அடைத்தால் டர்போ பெயாரிங் போச்சு. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவுக்குள் ஒயில் ஊற்றி, பிளக்குகளைக் கழற்றி, ஒயில் அழுத்தம் காட்டும்வரை சுற்றுங்கள்.

பலர் சறுக்குவது டியூனிங்கில். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. அங்கே இக்னிஷனை (பிளக் தீப்பொறி விழும் நேரத்தை) முன்தள்ளி வைத்துவிட்டு கொழும்புக்கு இறங்கினால், அடர்ந்த காற்றில் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டும். கீழே, 95 ஒக்டேன் பெற்றோலில் செட் பண்ணுங்கள். மேலே கொஞ்சம் மந்தமாக இருந்தால் இருக்கட்டும். நுவரெலியா வீதியிலுள்ள ரம்பொடை ஏற்றம் முடிந்ததும் உடனே ஓஃப் பண்ணாமல் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள், சூடான டர்போவில் ஒயில் கருகாது.